கை நனைத்த வீடு

வேண்டாவுக்கு மாத நாவல் வாங்கும்போது அட்டையைப் பார்க்கிற பழக்கம் இல்லை, எழுதியவர் யார் என்றும் பார்க்க மாட்டாள். நடுவில் எங்காவது பிரித்து, சமையலறை வருகிறதா என்று தேடுவாள். மாமியார் காபி ஆற்றிக் கொடுக்க, மருமகள் தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து வாங்கிக்கொள்ள, கொழுந்தன் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அண்ணியிடம் பொத்தான் தைக்கச் சொல்லி நிற்க, அப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் போதும், வாங்கிவிடுவாள். கொலை, ஆவி, துப்பறிவது எதுவும் ஆகாது. காதல்கூட அவளுக்கு இரண்டாம்பட்சம். கல்யாணத்துக்கு அப்புறம் வருகிற வீடுதான் அவளுக்குக் கதை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், அவள் வளர்ந்த விதத்தையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற ஒரு ஊரில் நான்காவது பெண்ணாகப் பிறந்தாள். இனிமேல் பெண் வேண்டாம் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான், யாரும் மனம் நோகவேண்டும் என்று வைப்பதில்லை. அடுத்ததாகப் பையன் பிறந்தபோது பெயர் பலித்தது என்று ஒரு வாரம் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். பத்தொன்பது வயதில் தண்ணீர் லாரி ஓட்டுகிற தணிகைவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் உயிரோடு இருந்த ஏழு வருஷமும் அவளைக் கூடத்தில் உட்கார விட்டதில்லை; உட்கார்ந்தால் எழுப்புவதற்கு ஒரு வேலை கண்டுபிடிப்பாள். அப்புறம் ஊரப்பாக்கத்தில் வாடகை வீடுகள். ஒன்றா இரண்டா, இதுவரை ஒன்பது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிற வீடு, ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது என்கிற வீடு, மீன் சமைத்தால் முகம் சுளிக்கிற வீடு. தணிகைவேல் கெட்டவர் இல்லை. வீட்டில் இருந்தால் தூங்குவார், தூங்காவிட்டால் லாரியில் இருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே அவள் நாவலில் குடியிருந்தாள். மறைமலை நகரில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை மேஜையில் விரித்து, புரட்டி, பிசிறு, விட்டுப்போன தையல், ஏறி இறங்கிய காலர் எல்லாம் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு உருப்படி. வேண்டாவின் கண்ணுக்குத் தப்பிப் போன குறை கிடையாது என்று அங்கே பேர். அந்தக் கண்தான் காலையிலும் மாலையிலும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், கூடுவாஞ்சேரி, பொத்தேரி எல்லாம் வந்து போவது தெரியாமல், யாரோ ஒரு குடும்பம் வடாம் பிழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். படித்து முடித்தவை ஒரு அரிசிச் சாக்கு நிறைய இருந்தன. வீடு மாறும்போதெல்லாம் பாத்திரத்துக்கு முன்னால் அந்தச் சாக்குத்தான் வண்டியில் ஏறும்.

ஒரே மகள் அனு பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அம்மாவின் பைத்தியத்தைக் கேலி செய்வாள். அடுத்தவர் வீட்டில் குடித்தனம் நடத்தியது போதும், வந்து சோற்றை வடி என்பாள். ஆனால் கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தப் பெண் சொன்னது வேறு. பையனைப் பற்றி அவளே போனில் பேசித் தெரிந்துகொண்டிருந்தாள், தப்பாகத் தெரியவில்லை.

"ஆள நான் பாத்துக்கறேன்மா. வூடு எப்டின்னு எனக்குப் பாக்கத் தெரியாது. நீ பாத்து சரின்னு சொன்னா சரி" என்றாள்.

தணிகைவேலின் ஒன்றுவிட்ட அண்ணன் முத்துசாமி கொண்டுவந்த சம்பந்தம் அது. மாமல்லபுரம் தாண்டித் தெற்கே, கடலுக்கும் சாலைக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். பெரிய பையன் ரஞ்சித்குமார் டிராவல்ஸ் நடத்துகிறான், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. சின்னவன் ஹேமந்துக்குத்தான் பெண் கேட்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா ரேணுகாதான் எல்லாம். ஒரே வீடு, ஒரே சமையல் என்று முத்துசாமி சொன்னபோதே வேண்டாவின் மனம் பாதி வழி போய்விட்டது.

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு பதினோரு பேர் போனார்கள். பெண் வருவது வழக்கமில்லை என்பதால் அனு வரவில்லை. இப்படிப் போகிறவர்கள் அங்கே சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், மனமிருந்தால் ஒரு வாழைப்பழம். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் சொந்தக்காரர்கள் நடுவில் நிமிர்ந்து நிற்க முடியாது. தணிகைவேல் வழியிலேயே சொல்லிவிட்டார், தனக்கு இதெல்லாம் புரியாது, வேண்டா தலையாட்டினால் உட்காருகிறேன், இல்லாவிட்டால் எழுந்துவிடுகிறேன் என்று. முடிவு அவள் கையில் இருந்தது.

அந்த வீட்டுக்குள் காலை வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். வழவழவென்று சிவப்புத் தரை. ஊஞ்சல். பன்னிரண்டு பேர் உட்காருகிற சாப்பாட்டு மேஜை. தோப்பைத் தாண்டிக் கடல் இரைவது கூடத்தில் உட்கார்ந்தால் கேட்டது. அலமாரியில் ஒரு மூங்கில் கூடை, அதற்குள் வீட்டில் இருப்பவர்களின் கைபேசிகள். வீட்டுக்குள் வந்தால் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டு முகம் பார்த்துப் பேசவேண்டும் என்பது அம்மாவின் சட்டம் என்று ஹேமந்த் சிரித்துக்கொண்டே சொன்னான். ரேணுகா வேண்டாவின் கையைப் பிடித்து, அண்ணி அண்ணி என்று அறை அறையாக அழைத்துப் போய்க் காட்டினாள். ஊறுகாய் ஜாடிகளின் மூடியைத் திறந்து முகரச் சொன்னாள். வேண்டா ஆயிரம் தடவை படித்த வீடு அது. இப்போது அவளை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரிய மருமகள் ஜெயப்பிரியா காபித் தட்டோடு வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் முன்னால் ஒரு தடவை மாமியார் முகத்தைப் பார்த்தாள். மரியாதை தெரிந்த பெண் என்று வேண்டா நினைத்துக்கொண்டாள்.

பெரிய மகனின் அறையைக் காட்டும்போது கதவின் உள்பக்கம் அவள் கண் போயிற்று. பழக்கதோஷம். மரத்தில் நான்கு ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடம். வேறு தாழ்ப்பாள் இல்லை. ரேணுகா அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பேரன் ஒரு நாளு உள்ளப் பூந்து தாப்பாப் போட்டுக்கினான். ஒரே அழுக. அதான் கழட்டிட்டோம்" என்றாள்.

பேரனுக்கு இரண்டரை வயது. கூடத்தில் ஒரு லாரி பொம்மையை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று வேண்டாவும் சிரித்தாள்.

பிறகு யாரோ கூப்பிட ரேணுகா வெளியே போனாள். சமையலறையில் வேண்டாவும் ஜெயப்பிரியாவும் மட்டும் இருந்தார்கள். அந்தப் பெண் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"கை நனைக்காதீங்கம்மா. அப்டியே கெளம்பிப் போயிடுங்க."

வேண்டா இன்னா என்று கேட்பதற்குள் அவள் தட்டுகளை எடுக்கப் போய்விட்டாள். ரேணுகா திரும்பி வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் திடுக்கிட்டிருப்பார்கள். வேண்டா திடுக்கிடவில்லை. அவளுக்கு இது தெரிந்த பெண். அவள் படித்த நாவல்களில் பாதிக்கு மேல் இந்த மூத்த மருமகள் வருவாள். சின்னவள் வந்தால் தன் இடம் போய்விடுமோ என்று பொருமுவாள், வருகிற சம்பந்தத்தைக் கலைக்கப் பார்ப்பாள், ஏழெட்டு அத்தியாயம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் சின்னவளின் பிரசவத்தில் ஓடி ஓடி வேலை செய்து மனம் மாறுவாள். பாவம், யாராவது அன்பாக நாலு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். இப்படி நினைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். தணிகைவேல் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

இலை போட்டார்கள். பதினோரு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அதோடு எழுந்து வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு சம்பந்திகள் இருவரும் தனியாக உட்கார்ந்தபோது, வேண்டாவுக்குத் தான் படித்ததை எல்லாம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திவிடலாம் என்று தோன்றியது. பெரியவளையும் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னவள் வந்தால் தன்னை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறது போல, சாப்பிடாமல் போய்விடுங்கள் என்று என்னிடமே சொல்லிற்று, நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ரேணுகாவும் சிரித்தாள்.

"அப்டியா சொல்லிச்சி? கொழந்த மாரி மனசு அதுக்கு. நான் பாத்துக்கறேன், சம்பந்தி."

வேன் கிளம்பும்போது வீடே வாசலுக்கு வந்து கையசைத்தது. ஜெயப்பிரியா மட்டும் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள் என்று வேண்டா நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் புது லாட் வந்தது. குழந்தைகள் சட்டை, மூன்று வயது அளவு. மேஜையில் ஒன்றை விரித்துவிட்டு வேண்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்து, ரேணுகாவின் பேரன் நிற்கிற உயரத்துக்குத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். சட்டையின் தோள் அவள் தொடைக்கு வந்தது. அந்தப் பையன் நுனிக்காலில் நின்று கையைத் தூக்கினாலும் அவள் மார்பைத் தாண்டாது. கதவில் இருந்த அந்த நான்கு ஓட்டைகளும் அவள் கண்ணுக்கு நேராக இருந்தன. அதனால்தானே குனியாமல் பார்த்தாள்.

குழந்தை போட்ட தாழ்ப்பாள் இல்லை அது. அந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டது வேறு யாரோ. இனிமேல் போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் கழற்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே பார்த்த குறை. பார்த்தும் தள்ளிவிட்ட குறை. தள்ளிவிட்டதோடு நிற்காமல், சொன்னவளையும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பகல் சாப்பாட்டு வேளையில் ரேணுகாவுக்குப் போன் போட்டு, சும்மாதான், பெரிய பெண்ணிடம் ஒரு பேச்சுப் பேசலாமா என்று கேட்டாள். அது குளித்துக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. சாயங்காலம் கேட்டபோது தூங்குகிறது. மறுநாள் கேட்டபோது, தோப்புக்குப் போயிருக்கிறது, எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் சம்பந்தி, என்னிடம் சொன்னால் ஆகாதா என்றாள் ரேணுகா. குரலில் ஒரு சுருக்கம் இல்லை. அதே இனிப்பு.

தணிகைவேலிடம் சொன்னாள். அவர் முதலில் புரியாமல் விழித்தார், புரிந்ததும் கோபப்பட்டார்.

"இன்னா பேசற நீ? பதினோரு பேரு கை நனைச்சிட்டு வந்துகீறோம். கதவுல ஓட்ட கீதுன்னு சொல்லி கல்யாணத்த நிறுத்துவியா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வரப்போகிறார்கள்; சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அனு பியூட்டி பார்லருக்குப் போய்விட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தாள். என் அம்மா போய்ப் பார்த்து வந்த வீடு என்று ஆபீஸ் தோழிகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழாமல் இருக்க வேண்டா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். மூன்று நாளாக ரயிலில் அவள் எதையும் படிக்கவில்லை. பையில் புத்தகம் இருந்தது. பிரித்தால் அந்தச் சிவப்புத் தரை வந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். வைகாசி வெயில். இரண்டு அறை வீட்டில் இருபத்தைந்து பேர், ஒரு மின்விசிறி. ஜெயப்பிரியாவும் வந்திருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, மணிக்கட்டு வரைக்கும் மூடிய முழுக்கை ரவிக்கை. அவள் வந்ததைப் பார்த்ததும் வேண்டாவுக்கு உயிர் வந்தது. குழந்தை எங்கே என்று கேட்டாள். வெயில் என்று வீட்டிலேயே ரஞ்சித்குமாரிடம் விட்டுவிட்டு வந்ததாக ரேணுகா பதில் சொன்னாள். கேட்டது ஜெயப்பிரியாவிடம்.

ரேணுகா அனுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெரிய மருமகளைப் பார்த்து, நீ சொல்லேன், நம்ம வீட்டைப் பத்தி, என்றாள். ஜெயப்பிரியா அனுவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் அத்தை மாதிரி யாருக்கும் கிடைக்காது என்றாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல ஒரே மூச்சில் சொன்னாள்.

பூ வைக்கும் முன்னால் வந்திருக்கிற சுமங்கலிகளுக்கு மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல் கொடுப்பது வழக்கம். எல்லோருக்கும் கையில் கொடுத்த வேண்டா, ஜெயப்பிரியாவிடம் வந்தபோது, நானே போட்டுவிடுகிறேன் என்று வலது கையைப் பிடித்தாள். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இழுத்தாள். விடாமல் பிடித்து ரவிக்கைக் கையை இரண்டு விரற்கடை மேலே தள்ளினாள் வேண்டா. மணிக்கட்டு நீலம் பாரித்து, வளையல் நுழைய இடமில்லாமல் வீங்கியிருந்தது. வீக்கத்தின் மேல் நான்கு விரல் பதிந்த தடம்.

சுற்றிலும் யாரும் கவனிக்கவில்லை, ஏலக்காய்ப் பால் விநியோகம் ஆகிக்கொண்டிருந்தது. ரேணுகா ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை, வெட்கமும் இல்லை. கை நனைத்தவள் நீ, இனி என்ன செய்வாய் என்கிற நிம்மதி இருந்தது.

வேண்டா வளையல் தட்டைக் கீழே வைத்தாள். வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் குரலை உயர்த்தியவள் அல்ல. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"இந்தக் கல்யாணம் வேணாம். எம்பொண்ண நான் குடுக்கல" என்றாள்.

அதற்கப்புறம் நடந்த ரகளையை விவரிக்கவேண்டியதில்லை. முத்துசாமி தலையில் அடித்துக்கொண்டார். தணிகைவேல் அவளை அடிக்கக் கையை ஓங்கி, அனு குறுக்கே வந்து நின்றதும் இறக்கினார். இனி உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள் என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். ஹேமந்த் மாப்பிள்ளைச் சட்டையோடு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், அவள் சொல்லாமல் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாதவன் போல. அனு அதைப் பார்த்தாள். அம்மாவை ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரேணுகாதான் சத்தம் போடாத ஒரே ஆள். கொண்டுவந்த பூ, பழம், புடவைத் தட்டுகளை அவளே நிதானமாக அடுக்கினாள்.

"பரவால்ல, அவங்க இஷ்டம். ஜெயா, வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஜெயப்பிரியா வாசலில் குனிந்து செருப்பைத் தேடினாள். வேண்டாவும் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீ போகாதே, இங்கேயே இரு, யார் வந்து கேட்டாலும் நான் பேசிக்கொள்கிறேன், போலீசுக்கு வேண்டுமானாலும் போவோம் என்று அவள் காதில் படபடவென்று சொன்னாள்.

"புள்ள அங்க கீறாம்மா."

செருப்பின் வாரை மாட்ட அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. வேண்டாதான் மாட்டிவிட்டாள். ஜெயப்பிரியா அவள் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். எழும்போது சொன்னாள், கோபமாக இல்லை, நேரமாகிவிட்டது என்று சொல்வதைப் போல.

"நான் சொன்னத அவங்களாண்ட சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க."

வேனில் ரேணுகா அவளை நடுவில் உட்கார வைத்து, ஏ.சி. குளிர் வெளியே போகாமல் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். வண்டி தெரு முனை திரும்பி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறிற்று. அனு வெளியே வந்து அம்மாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள, நீ பாத்தம்மா" என்றாள்.